காஜா மட்டும்தான் பாக்கி

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான், அப்பா, வாண்டு மூவரும் நலம். நலம் என்றால் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை என்று அர்த்தம், மற்றபடி ஐந்து வாரமாக இந்த வீட்டில் யாருக்கும் புத்தி நிதானத்தில் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், இப்போதெல்லாம் உன் செய்திகளில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறு விவரம் இருப்பதில்லையே. உன் தங்கை வாண்டு பொறியியல் படிக்க அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்னக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டது உனக்குத் தெரியும். என் தையல் மெஷினின் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, நான் கத்திக்கொண்டிருக்கும்போதே முன்னைவிட நன்றாக ஓடும்படி மாட்டிக் கொடுத்தவள் அவள். இது கிடைக்காவிட்டால் வேறு எதைப் படிப்பது என்று அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதனால் சாப்பிடும்போதுகூடக் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பல்கலைக்கழகத்திலிருந்து, தங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியுள்ளது, உள்ளே சென்று பார்க்கவும் என்று ஒரு செய்தி. கடவுச்சொல் நினைவில்லாமல் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு உள்ளே போனால், பரிசீலனையில் உள்ளது என்று இருந்த இடத்தில் தொடர் பரிசீலனையில் உள்ளது என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சேர்க்க ஓர் அலுவலகம், அதற்கு ஓர் அதிகாரி, அவருக்கு ஒரு சுழல் நாற்காலி. உன் அப்பாவுக்கோ ஒரே குஷி. முப்பது வருஷம் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்று எழுதியவர்களுக்கெல்லாம் ஆவன செய்யப்படும் என்று பதில் போட்ட மனிதர் இல்லையா, இந்த பாஷையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு தரம் படித்தார், ஆவன என்ற சொல் எங்கேயும் இல்லை, இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வந்தது, தங்களைப் போன்ற சிறந்த மாணவரை எங்களோடு காண மிகவும் விரும்புகிறோம், இதைச் சேர்க்கை உறுதியாகக் கொள்ள வேண்டாம் என்று. மூன்றாவதுதான் உச்சம், விடுதியில் மேல் கட்டில் வேண்டுமா கீழ்க் கட்டில் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். இடம் கொடுக்காமல் கட்டில் கொடுப்பானா என்று அப்பா துள்ளிக் குதித்து, உன் அத்தைக்குப் போன் போட்டார், அத்தை தன் பங்குக்கு நாலு தெருவுக்குச் சொல்லி முடித்தாள். மறுநாள் மருந்துக்கடைக்காரர் வந்து, என் பையன்கிட்டயும் எந்தக் கட்டில்னு கேட்டிருக்காங்க, ஆனா அவன் விண்ணப்பத்தையே இன்னும் முடிக்கலையே என்று தலையைச் சொறிகிறார். அன்று முழுக்க அப்பா கொல்லைப்புறக் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் குழாய்க்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு முதல் செய்தியிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தையல்கடை நடத்துகிறவளிடமா இந்த வேலை. யாராவது வந்து சட்டை ஆச்சா என்றால், காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க என்பேன். துணியில் இன்னும் கத்தரியே படவில்லை என்று அதற்கு அர்த்தம். நிஜமாகவே பொத்தான் துளை மட்டும் பாக்கி என்றால், உட்காருங்க பத்து நிமிஷம் என்றுதானே சொல்லியிருப்பேன். இவர்களுடைய தொடர் பரிசீலனையும் அசல் காஜாதான் என்றேன். பல்கலைக்கழகமும் உன் கடையும் ஒன்றா என்று அப்பா என்னை அடக்கிவிட்டார்.

இதற்கிடையில் சின்னக் கல்லூரி இரண்டே வரி எழுதியது. மெக்கானிக்கல் பிரிவில் இடம் இருக்கிறது. வருகிறீர்களா இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும். எழுத்தில் ஒரு கனிவு வேண்டாமா என்று அப்பாவுக்குக் குறை. வாண்டு புதன்கிழமை, நான் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அழுதாள். இல்லைன்னு சொன்னாக்கூடத் தாங்கிப்பேன்மா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாங்களே என்றாள். வியாழக்கிழமை நானே அந்தப் பெரிய இடத்துக்குப் போன் போட்டேன், நாற்பது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து அதே பரிசீலனைப் பாட்டைப் பாடினாள். அம்மா, நான் தையல்காரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு, துணியை வெட்டியாச்சா இல்லையா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, மூட்டையையே இன்னும் அவிழ்க்கலைம்மா என்றாள். அவள் நன்றாக இருக்கட்டும், ஐந்து வாரத்தில் அங்கிருந்து வந்த ஒரே செய்தி அதுதான். வெள்ளிக்கிழமை காலையில் வாண்டு சின்னக் கல்லூரிக்கு வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுத் தூங்கினாள்.

அந்த வேகத்தில் நானும் திருந்தலாம் என்று, மூன்று வாரமாகக் காஜா சொல்லி வைத்திருந்த டீச்சருக்குப் போன் போட்டு, உங்கள் துணியை இன்னும் வெட்டவே இல்லை என்றேன். வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். உண்மைக்குக் கிடைத்த மரியாதை. கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது ஊருக்கு எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதற்கு நீ போட்ட பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தேன். பார்க்கலாம்மா. முயற்சி பண்றேன். லீவு கேட்டிருக்கேன், கிட்டத்தட்ட உறுதி. இரண்டு வருஷமாக இதே வரிசை. அப்பா இவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் படிக்கிறார், கிட்டத்தட்ட என்று போட்டிருக்கிறான், போன தடவை அதுகூட இல்லை என்கிறார். அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை, எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. ஆவன, காஜா, பார்க்கலாம் என்று இழுக்கிற மூன்று பேர் இருக்கிற வீட்டில், நேராகப் பதில் சொல்கிற அந்த ஒருத்தி எப்படிப் பிறந்தாளோ.

அடுத்த மாதம் இருபதாம் தேதி அவளை விடுதியில் சேர்க்க வேண்டும். அண்ணன் வருவானா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் விடுதிப் படிவத்தில் உடன் வருபவர் என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறாள், பென்சிலில். வர முடியாது என்றால் முடியாது என்று எழுது, அழித்துவிட்டு அப்பா பெயரைப் பேனாவில் எழுதிக்கொள்கிறோம். கோபப்பட மாட்டேன். படுவேன், ஆனால் அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நின்றுகொண்டே சாப்பிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயது வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். தபால்காரர் இதை என்றைக்குக் கொடுத்தாலும் சரி, அதற்கு அடுத்து வரும் வெள்ளிதான் உனக்குக் கெடு. நல்லபடியாக எழுதத் தெரிந்தவர்களிடமிருந்து பார்த்து எழுதுகிறேன்:

வீட்டில் இடம் இருக்கிறது. வருகிறாயா இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அம்மா