நோயாளிகள் பக்கம்

ஜூன் 3

என் தங்கச் செல்லத்துக்கு,

கடவுள் அருளால் நாங்கள் சௌக்கியம். என் முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. மூன்று சனிக்கிழமையாக நீ வரவில்லை. உன் அம்மாவிடம் கேட்டால், "அவளையே கேளுக்கா" என்கிறாள். ஃபோன் உனக்குப் பிடிக்காதே, அதனால் எழுதுகிறேன். பிரார்த்தனை நோட்டைப் புதிதாக எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து போய்விட்டாய். பழைய நோட்டைத்தான் வாராந்திரப் பிரார்த்தனைக் கூட்டத்தில் படிக்கிறேன், தாள் தாளாகக் கழன்று வருகிறது. என் மேல் கோபமா?

உன் பெரியம்மா

ஜூன் 7

பெரியம்மாவுக்கு,

கோபம்தான். அந்த நோட்டின் நோயாளிகள் பக்கத்தில், சிறுநீரகக்கல் மாமாவுக்குக் கீழே நான் இருக்கிறேன். "ஆட்டிச நோயால் அவதிப்படும் தங்கை மகள் குணமாக." பதினோரு வருஷம், வாராவாரம். உங்களுக்கு அம்மை போட்டிருந்த இரண்டு வாரம் போக, 570 முறை சத்தமாகப் படித்திருக்கிறீர்கள்.

எனக்கு நோய் இல்லை. கடைசியாகக் காய்ச்சல் வந்தது போன மார்ச்சில். நான் ஆட்டிஸ்டிக். நான் அவதிப்படுவது உங்கள் மிக்சி சத்தத்தில்.

மற்ற எல்லோரையும் "என்ன வேண்டிக்கணும்?" என்று கேட்டுத்தான் எழுதுவீர்கள். என்னைக் கேட்கவில்லை.

தங்கை மகள்

ஜூன் 12

செல்லத்துக்கு,

படித்ததும் எனக்கும் சுருக்கென்றது. "பாசத்துல எழுதினதுக்கு இப்படியா?" என்று உன் பெரியப்பாவிடம் புலம்பினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாசம் இருக்கட்டும், அவளக் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. உன் எட்டு வயதில் டாக்டர் சொன்ன அன்றைக்கு அழுதுகொண்டே எழுதிய வரி அது. நீ வளர்ந்தாய், வரி வளரவில்லை. ஸ்கேல் வைத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

நேற்றுக் கூட்டத்தில், "அவ நோயாளி இல்ல, இத்தனை நாள் நான்தான் தப்பா வேண்டிக்கிட்டேன்" என்று சொன்னேன். தையல்காரம்மா, "அப்போ ஸ்பெஷல் சைல்டுன்னு எழுதிக்கலாமா?" என்றாள். "பத்தொன்பது வயசுக்காரி சைல்டாம்மா? இரு, அவளையே கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

உன்னை எப்படிச் சொல்லட்டும்? உனக்காக என்ன வேண்டிக்கொள்ளட்டும்?

மன்னிப்பு கேட்கும் பெரியம்மா

ஜூன் 15

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

என்னை ஆட்டிஸ்டிக் பெண் என்று சொல்லுங்கள். என் தோழிக்கு 'ஆட்டிசம் உள்ளவர்' என்றால்தான் பிடிக்கும். அவளைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொல்லுங்கள். சொல்ல அவசியமில்லாத இடத்தில் 'தங்கை மகள்' போதும்.

வேண்டுதல்: நூலகத்தில் என் மேஜையை ஜன்னல் பக்கத்திலிருந்து மாற்றக் கூடாது. அந்த நூலக வேலை எனக்குக் கிடைத்ததை நன்றிப் பக்கத்தில் எழுதலாம்.

புது நோட்டில் சிறுநீரகக்கல் மாமாவுக்குக் கீழே இப்போது ஒரு வரி காலி. அங்கே உங்கள் முட்டியை எழுதப்போகிறேன். அன்றைக்கு எழுத உட்கார்ந்தபோதே பழைய நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். உங்களுக்காக நீங்கள் ஒருமுறைகூட எழுதிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன். மிக்சியை மூன்றரைக்குள் போட்டு முடித்துவிடுங்கள்.

உங்கள் செல்லம்