அக்கா சொன்ன பொய்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

சாப்பாட்டு டப்பாவைப் பெரியவள் திறந்து பார்த்தாள், முகர்ந்தாள், மூடினாள். எட்டு வயது. வாயைத் திறந்தால் சாட்சியை விசாரிப்பதுபோலத்தான் கேட்பாள், அதனால் நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் வக்கீலம்மா. நான்கு வயதுச் சின்னவள் வாலு. இரண்டு பேரும் என்னை அக்கா என்கிறார்கள், அதுவும் வேண்டாவெறுப்பாக.

இவர்களைப் பார்த்துக்கொள்ள இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தைந்து நாள் ஆகிறது. இவர்கள் அம்மா டாக்டர். அப்பா இந்த நாட்டுக்காரர், தமிழ் தெரியாது. "பசங்க தமிழ்ல பேசணும், அதுக்குத்தான் நம்ம ஊர்ப் பொண்ணா தேடினேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான் டாக்டரம்மா. கண்ணில் படுவதே அபூர்வம். மாதக் கடைசியில் குழந்தைகளைக் கேட்டு முடிவு செய்வார்களாம், நான் இருப்பதா, திரும்பிப் போவதா என்று. ஊரெல்லாம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியவள் நான். எந்த முகத்தோடு திரும்புவேன்?

பிப்ரவரி 5, வியாழன்

வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் ஒரு மெட்டுப் போடுகிறது. "இதோ வந்துட்டேன்" என்று அதனிடம் சொன்னேன். இன்று என்னைக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடுமுறை. மாடியில் என் அறையில் இருந்தால், கீழே நாலு பேரும் சிரிப்பது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கே போக? ஒரே பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை மூன்று தடவை போய் வந்தேன். மூன்றாவது தடவை டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், வாலு என்னைப் பார்த்ததும் ஓடி ஒளிந்துகொண்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

வாலு நேற்று மத்தியானம்வரை வாசல் கதவடியில் உட்கார்ந்திருந்தாளாம். சாப்பிடக் கூப்பிட்டும் நகரவில்லையாம்.

"வரேன்னு சொன்ன. வரல. போயிட்ட" என்றாள் வக்கீலம்மா.

"ஐயோ, வரேன்னா போறேன்னுதான்டா அர்த்தம்!"

"அப்போ போறேன்னு சொல்லணும். நீ பொய் சொல்ற."

வாலுவுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். தள்ளிவிட்டாள். தரையைத் துடைத்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

படுக்கையைச் சரிசெய்யும்போது தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு. வக்கீலம்மாவின் நண்டுக்கால் தமிழ் எழுத்து. தலைப்பு: அக்கா சொன்ன பொய்கள்.

இதோ வந்துட்டேன் – வரல.
ஒரே நிமிஷம் – பதினாலு நிமிஷம்.
வரேன் – போயிட்டா.
எனக்குப் பசிக்கல – கிச்சன்ல தனியா நின்னு சாப்பிட்டா.
நான் நல்லா இருக்கேம்மா – போன்ல. அழுதுட்டே சொன்னா.

முதல் மூன்றைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். மீதி இரண்டைப் படித்ததும் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கே இருந்து பார்த்தாள்? எப்போது? – இந்த வீட்டில் என்னை யாருமே பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14, சனி

நோட்டைப் பார்த்ததை வக்கீலம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்பு என்று முதலில் அதற்கே திட்டு வாங்கினேன்.

"போறேன்னு சொன்னா ஒரேயடியா போற மாதிரி. திரும்பி வருவேன்னு சொல்றதுக்குத்தான் வரேன்" என்றேன். யோசித்தாள். பென்சிலை எடுத்து மூன்றாவதை அடித்தாள்.

"அப்போ நாலு, அஞ்சு?"

"அது பொய்தான்."

"எதுக்கு அழுத?"

"பேச யாரும் இல்ல."

"நாங்க இருக்கோமே."

"நீங்க எங்கிட்ட பேசறதில்லையே."

"நீதான் பொய் சொல்றியே!"

இந்த வழக்கில் நான் ஜெயிக்கப்போவதில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை. சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

பிப்ரவரி 16, திங்கள்

"ஒரே நிமிஷம்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "பத்து நிமிஷம்" என்றேன். வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதில் முடித்தேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஹாலில் விசாரணை. நான் சமையலறையில் துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அக்கா இருக்கட்டுமா?" என்று டாக்டரம்மா கேட்டதும், வக்கீலம்மா பதில் சொல்லாமல் மாடிக்கு ஓடி நோட்டை எடுத்து வந்து நீட்டினாள். போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டாக்டரம்மா உரக்கச் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தினமும் நின்னுட்டேவா சாப்பிடற?"

"பழகிடுச்சு மேடம்."

"இதுவும் பொய்" என்றது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நீங்கள் வீட்டில் இருந்தால்தானே? மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். "நீ இருக்கணும்னுதான் சொல்றாங்க, ரெண்டு பேரும்" என்று என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தார்.

பிப்ரவரி 28, சனி

இன்று எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். டாக்டரம்மாவும் கணவரும் அவர்கள் மொழியில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள், பாதிகூடப் புரியவில்லை. கையை எங்கே வைப்பது, எப்போது எழுந்திருப்பது, ஒன்றும் தெரியவில்லை. நின்று சாப்பிடுவதே மேல் என்றுகூடத் தோன்றியது. அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்த வாலு மேசைக்கு அடியில் இரண்டு காலையும் தூக்கி என் மடியில் போட்டாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை, அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்து மற்றவர்கள் எழுந்த பிறகும், மடியில் அந்தக் கால்களோடு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.