அடுப்புக்குழாய்த் தகட்டுக்கு மின் கத்தரி

பிஷ்கேக் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி வாசலில் வந்து நின்றபோது எசென்குல் மனைவிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். பட்டறையில் வட்டு மெஷினால் தகடு அறுக்கையில் பொறி தெறித்து, இடது கண்ணில் கட்டுப் போட்டிருந்தான். முந்தின நாள் சண்டையில் மனைவி புருல் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

“புருல், சட்டியில ஆட்டுக்கறி வறுவல் இருக்கு, சூடு பண்ணிக்கோ. பட்டறைச் சாவி மாவு டப்பாவுக்குப் பின்னாடி. மத்தியானம் கடைக்கார மரிப் ரெண்டு மெஷின் கொண்டாருவான். ஒண்ணு தகட்டைக் கொறிச்சுக் கொறிச்சு வெட்டும். அது நெளித்தகட்டுக்குத்தான் சரி, தரையெல்லாம் துணுக்காக் கொட்டும். இன்னொண்ணு மின் கத்தரி. நம்ம அடுப்புக்குழாய்க்குச் சமத்தகடுதானே, அது போதும். பொறி பறக்காது, தகட்டோட துத்தநாக முலாமும் கருகாது. பழைய தகட்டுல வெட்டிக் காட்டச் சொல்லி வாங்கு. என் வட்டு மெஷினை அவன்கிட்டயே குடுத்துடு.

போன வருஷமே நீ கத்தரிதான் வாங்கச் சொன்ன. பொம்பளைக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்னு நாலு பேர் முன்னாடி கேட்டேன்.”

கையெழுத்துப் போட்டான். வண்டிக்காரர் இரண்டாம் முறை ஒலி எழுப்பினார். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, காகிதத்தின் அடியில் நுணுக்கி எழுதினான்.

“கண்ணைச் சுத்தம் பண்ணத்தான் கூப்பிட்டாங்கன்னு சொன்னது பொய். கண்ணையே எடுக்கணுமாம். ஒத்தக் கண்ணோட கோட்டு மேல வெட்ட எனக்கு எப்ப வருமோ, வராதோ. மரிப்பை வெட்ட விடாத. நீயே பிடிச்சு, உன் கைக்கு அடங்குதான்னு பாத்து வாங்கு.”