டேப்பின் அளவும் என் நாத்தனாரும்

மார்ச் 3, திங்கள்

ஆபீஸில் கம்ப்யூட்டர் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்கிற புது பேக்கப் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே டேப் என்று ஒன்றும் கிடையாது. டிஸ்க்குதான், டேப் மாதிரி நடிக்கிறது. எங்கள் மென்பொருளுக்கு டேப்பில் எழுதித்தான் பழக்கம், அதனால் இந்த நாடகம். ஒவ்வொரு பொய் டேப்பும் எவ்வளவு பெரிசு என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். நான் நூறு ஜி.பி. என்றேன். நாத்தனார் எண்ணூறு என்றாள்.

இவருடைய தங்கை. வீட்டில் எனக்கு இளையவள், 'நீ, வா, போ'தான். ஆபீஸில் எனக்கு மேலதிகாரி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் 'மேடம்' ஆகிவிடுவாள். இந்தக் கொடுமை வேறு யாருக்கு வாய்க்கும்?

"நூறு நூறா வச்சா டேப் ஆயிரக்கணக்கில வரும். யார் மேய்க்கிறது?"

"ஒரு டேப்பை ஒரு நேரத்துல ஒரு வேலைதான் தொட முடியும், மேடம். பெரிசா வச்சா எல்லாரும் ஒரே வாசல்ல க்யூவில நிக்கணும்."

மார்ச் 4

இவர் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" சைஸ் சண்டை என்றேன். "செருப்பா, சட்டையா?"

மார்ச் 7

எண்ணூறுதான் முடிவு. மேனேஜர் கையெழுத்தும் போட்டாயிற்று. "ரொம்ப நல்லதுங்க மேடம்" என்றேன். அதில் இருந்த விஷம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, கோபமா?"

"கோபமா? எனக்கா?" பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. என் சமையலை அவள் குறை சொல்லிவிட்டதாக நினைத்து, இவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசியிருக்கிறார்! இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மார்ச் 31, திங்கள்



நாங்கள் மேஜை நாற்காலி செய்கிற கம்பெனி. வரைபடப் பிரிவுத் தலைவர் ஒரு வாடிக்கையாளருக்காக வரைந்த படங்களைத் தவறுதலாக மொத்தமாக அழித்துவிட்டு, "கஸ்டமர் லிஃப்ட்ல ஏறிட்டார்" என்று ஓடி வந்தார். படங்களின் நகல் இருந்த டேப்பில் இடம் மீதி இருந்ததால், கணக்குப் பிரிவின் மாதக் கடைசி பேக்கப் அதே டேப்பில்தான் ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை அது டேப்பை விடாது. சின்ன டேப்பாக இருந்திருந்தால் எப்போதோ நிரம்பி ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

ஜெயித்துவிட்டேன் இல்லையா? குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவுத் தலைவர் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் எதுக்குச் சம்பளம்?" என்று கத்தினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை — எங்க வீட்டுப் பொண்ணைத் திட்ட அந்த ஆள் யாரு?

யாரையும் கேட்கவில்லை. கணக்கு பேக்கப்பை நிறுத்தினேன். டேப் விடுபட்டது, படங்கள் வந்தன, அவர் வந்த வேகத்தில் ஓடினார். பேக்கப் பாதியில் நின்றதால் மாதக் கணக்குக்கு நகல் இல்லை. அனுமதி இல்லாமல் பேக்கப்பை நிறுத்தினால் வேலை போகும் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான்.

ஏப்ரல் 1

மேனேஜர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "யார் நிறுத்தினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்" என்றாள். பச்சைப் பொய். நான் மறுத்துப் பேசப் போனால், மேஜைக்கு அடியில் என் காலை மிதிக்கிறாள். குதிகால் செருப்பு. இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 4

அவளை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், பிரிண்டர்களைப் பார்த்துக்கொள்ள. டேப் அளவு இனி என் பொறுப்பாம். எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடையாது. நூறு என்று தட்டினேன். அழித்தேன். இருநூறு? அதுவும் சரியென்று படவில்லை. நான் சொன்னது சரிதானா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தால் அழுகைதான் வருகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்திருந்தாள். "எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம் அண்ணி."

"இஷ்டமாவது! அப்ப நூறே போடறேன்."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "நூறா? ஒரு வாடிக்கையாளரோட படம் அஞ்சு டேப்புல சிதறும். அதுல ஒண்ணு கெட்டாலும் அஞ்சும் போச்சு. யோசிக்கவே மாட்டீங்களா?"

"நீ யோசிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தோமே!"

அப்பாடா. மறுபடி சண்டை பிடித்துக்கொண்டோம். பென்சிலும் தாளுமாகத் தரையில் உட்கார்ந்து, தொண்டை கட்டும் வரை கத்தினோம். இவர் எட்டிப் பார்த்தார். சமாதானம் பேச வருகிறார் என்று நினைத்தேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நானூறு வரை இறங்கிவிட்டாள். நான் இன்னும் இருநூறைவிட்டு ஏறவில்லை. இன்றைக்கு இங்கேயே தங்கச் சொல்லியிருக்கிறேன்.