பகல் இரண்டு மணிக்குத் தெரிந்த வால்நட்சத்திரம்

பிரேசர் டவுன்,
22 ஜனவரி 1922

ஆம்ப்ரோஸுக்கு,

போதுமான நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனியும் இருந்தால் நான் முட்டாள் என்று நீயே முடிவு செய்துவிடுவாய்.

நந்தி மலை முகாமைப் பற்றிய நம் வானியல் சங்கத்தின் அறிக்கை போன வாரம் வந்தது. சிம்ம ராசிக்குப் பக்கத்தில் புதிதாகத் தெரிந்த வால்நட்சத்திரத்தை முதலில் கண்டவர் ஆம்ப்ரோஸ், டிசம்பர் 28, மணி 14.10 என்று போட்டிருக்கிறார்கள். என் பெயர் எங்கும் இல்லை.

பதினான்கு மணி என்றால் பிற்பகல் இரண்டு. 28ஆம் தேதி அந்த நேரத்தில் நாம் இருவரும் எலஹங்கா ஸ்டேஷனில் நந்தி ரயிலுக்காகக் காத்திருந்தோம். உன் மனைவி பிரிஜெட் கொடுத்தனுப்பிய அச்சுமுறுக்கில் நீ ஐந்து தின்றாய், நான் இரண்டு. பட்டப்பகலில் வால்நட்சத்திரம் பார்த்த ஒரே மனிதன் நீதான்.

நடந்தது எனக்குத் தெரியும். 29ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குத் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவன் நான். நீ கூடாரத்துக்குப் பின்னால் காபி போட்டுக்கொண்டிருந்தாய். பஞ்சுப் பிசிறு போல அது தெரிந்தது. எழுதி முடிக்கும்வரை யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது முகாமின் வழக்கம். நானும் சொல்லவில்லை. ‘29, மணி 2’ என்று எழுதி, நோட்டை மூடி, உனக்கு இடம் விட்டேன். நீ பார்த்தது அதற்குப் பிறகு. பார்த்துவிட்டுத் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டாய். காலையில் எல்லோருடைய நோட்டுகளையும் வாங்கிச் செயலர் சில்வெஸ்டரிடம் கொடுத்தவனும் நீதான். இடையில் என் நோட்டுப் பக்கத்துக்கு என்ன ஆயிற்று?

நான் தயாரித்த கணக்குப் புத்தகத்தை எங்கள் ஹெட்மாஸ்டர் தன் பெயரில் அச்சிட்டபோது என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டவன் நீ. அந்தக் கோபத்தையும் இப்போது நம்ப முடியவில்லை.

இதன் நகல் சங்கத் தலைவருக்கும் போகிறது.

ஞானசேகரன்


ஒக்கலிபுரம்,
28 ஜனவரி 1922

பிரியமுள்ள சேகரா,

உன் கடிதத்தைப் பிரிஜெட்தான் முதலில் படித்தாள். “முறுக்கக்கூடவா எண்ணி வச்சிருக்காரு உங்க சிநேகிதரு?” என்று கேட்டாள்.

வானம் பார்க்கிறவர்களுக்கு நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, நண்பகலில்தான் தொடங்கும். நடு இரவில் தேதி மாறினால் ஒரே இரவின் குறிப்புகள் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால் வைத்த வழக்கம். 28 நண்பகலிலிருந்து பதினான்கு மணி நேரம் எண்ணு. 29 அதிகாலை இரண்டு வரும். நீ எழுதிய ‘29, மணி 2’ அவர்கள் முறைப்படி 29 பிற்பகல். பகலில் எவன் வால்நட்சத்திரம் பார்ப்பான் என்று சில்வெஸ்டர் அதை ஒதுக்கிவிட்டார்.

முகாமுக்குப் போகும் ரயிலிலேயே இதைச் சொல்ல வாயெடுத்தேன். “ஸ்வல்ப இருடா, கணக்கு வாத்தியாருக்கே மணி பாக்கக் கத்துத் தர்றியா?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் விட்டுவிட்டேன். விட்டது என் தப்பு.

தலைவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நீ எனக்கு முன்னால் பார்த்தாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரத்தைத் திருத்தும் படிவம் உனக்கு வரும். பார்த்தவன் கையெழுத்துப் போட்டால்தான் திருத்தம் செல்லும். போட்டுவிடு, முதல் பெயர் உன்னுடையதாகும். அடுத்த கப்பலில் அறிக்கை லண்டனுக்குப் போகிறது.

சங்கத் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்படி ஒரு புகார் இருக்கும்போது அது என் வீட்டில் இருப்பது அழகில்லை. இனி முகாமுக்கும் வருவதாக இல்லை. கோபம் இல்லை, சேகரா. ஆனால் பக்கத்தில் இருப்பவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தால் நான் எப்படி வானத்தைப் பார்ப்பது?

உன் வீட்டில் யூனிஸைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புள்ள,
ஆம்ப்ரோஸ்


பிரேசர் டவுன்,
2 பிப்ரவரி 1922

ஆம்ப்ரோஸுக்கு,

உன் பேச்சை அப்படியே நான் நம்பவில்லை. கல்லூரி நூலகத்துக்குப் போய் வானியல் பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீ சொன்னபடியே இருக்கிறது.

படிவம் முந்தாநாள் வந்தது. விட்டுக்கொடுப்பது போலக் காட்டி என்னைச் சிறுமைப்படுத்தவே இதைச் செய்தாயோ என்று இரண்டு நாளும் யோசித்தேன். அந்த யோசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. என் புத்தி அப்படி ஆகிவிட்டது. யூனிஸிடம் சொன்னபோது, “உங்களுக்கு யாராவது நல்லது செஞ்சா, அதுக்கும் ஒரு கேஸ் போடுவீங்க” என்றாள்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. ஏமாற்ற நினைத்தவன் அந்தப் பத்து நிமிஷத்தை ஏன் எழுதினான்? 14 என்று மட்டும் எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? 14.10 என்று, எனக்குப் பத்து நிமிஷம் பின்னால் பார்த்ததாக, உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். அறிக்கையில் அது என் கண்ணெதிரே இருந்தது. தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிட்டேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தலைவருக்கு எழுதியாயிற்று. தொலைநோக்கியை உன்னிடமே கொடுக்கும்படியும் கேட்டிருக்கிறேன். நீ வாங்கிக்கொள்வாயா என்று தெரியாது.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் திருத்தம் செல்லாது. உன் பெயரே முதலில் நிற்கும். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. முதலில் பார்த்தவன் நான்தான், நாற்பத்தெட்டு வயதில் எனக்கென்று கிடைத்த ஒன்று அது. லண்டனில் அச்சாகும் தாளில் உன் பெயரைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் போகிறது.

இதை எழுதும்போது படிவம் பக்கத்தில்தான் கிடக்கிறது. மூன்று தரம் பேனாவை மையில் தொட்டுவிட்டேன். இப்போது மடித்து உறையில் வைத்தாயிற்று. ஐந்து மணித் தபாலில், கையெழுத்தில்லாமலே சங்கத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஞானசேகரன்