முகம் பார்க்காத கையெழுத்து

மே 12, திங்கள்

கத்திரி வெயில். காலை ஒன்பதுக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. உத்திரமேரூர் வந்து நாலாம் நாள். செய்ய வேண்டியவை: பல் டாக்டர், அம்மாவுக்குக் கண்ணாடி, தூக்கம் (முக்கியம்).

வெளிநாட்டில் நான் வேலை பார்க்கும் இந்தியத் தூதரகத்திலிருந்து பதினைந்து நாள் கட்டாய லீவு. அங்கே கலவரம், எங்கள் காரின் கண்ணாடியைக் கல்லால் உடைத்ததற்குப் பரிகாரம். மத்தியானம் அடுத்த தெருவில் கல்யாண வெடி. சட்டென்று தரையில் குனிந்துவிட்டேன்.

"இன்னாடி, கீழ இன்னா தேடற?" அம்மா.

"கம்மல்."

மாலை, தென்னேரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெண். வெறும் நெற்றி. பெயர் வசந்தா என்றாள். முருகேசன் மனைவி. மார்ச்சில் அங்கே கட்டடம் சரிந்து நாலு தொழிலாளிகள் செத்தார்கள், அவர்களில் ஒருவன். அவன் உடலை ஊருக்கு அனுப்பிய காகிதத்தில் என் கையெழுத்து; அதில் என் பெயரைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பொட்டிய தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க மேடம். அப்டியே ஏரிக்கரையில பொதைச்சிட்டோம். மாமியா தாலிய கயட்டி வாங்கிக்கிச்சி. ஆனா மூஞ்சிய யாருமே பாக்கல. நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மே 13, செவ்வாய்

கரண்ட் இல்லை. மண்டை காய்கிறது.

பார்க்கவில்லை. அன்று ஆஸ்பத்திரி ரோட்டில் துப்பாக்கிச் சூடு. டிரைவர் வண்டி எடுக்க மாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. பயம். அதுதான் உண்மை. ஆஸ்பத்திரித் தாளும் பாஸ்போர்ட் நகலும் ஒத்துப்போயின. கையெழுத்து, முத்திரை, டீ ஆறுவதற்குள் முடிந்தது.

ஆனால் எல்லார் பாஸ்போர்ட்டும் கம்பெனிக்காரன் கையில். யாருடையதை யார் உடலோடு வைத்தானோ. அதே வாரம் கலவரத்தில் காணாமல் போனவர்களும் உண்டு, இன்னும் தேடுகிறோம். பெட்டியில் இருப்பது முருகேசன்தான். அப்படித்தான் இருக்கும். இருக்குமா?

மே 14, புதன்

வசந்தா மறுபடி. மடியில் வேர்க்கடலை, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இன்று மேடம் போய் அக்கா.

"தப்பா நெனைக்காதக்கா. மீச வெச்சிக்கினு இருந்தாரா?"

பாஸ்போர்ட் போட்டோ கண் முன்னால். கட்டை மீசை. "இருந்துச்சு" என்றேன்.

வசந்தா கடலை ஒன்றை உடைத்தாள். பிறகு மெதுவாக: "அங்க எறங்கனதுமே எடுத்துட்டாருக்கா. கட்டடம் சரியறதுக்கு மொத நாளு கூட வீடியோவுல மொழுமொழுன்னு கீறாரு. நான்தான் சிரிச்சேன்."

சொல்லிவிட்டேன். துப்பாக்கி, டிரைவர், என் பயம், எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நிம்மதி. அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "அப்போ அது அவரு இல்லியா?" தெரியாது என்றேன். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

அம்மாவுக்குக் கோபம். "சொல்லாமயே இருந்திருக்கலாம்டி. அந்தப் பொண்ணு இப்பதான் மனசு ஆறிக்கினு இருந்துச்சி."

அம்மா சொல்வது சரியோ? ஒன்றும் விளங்கவில்லை. கடலையை உரித்துத் தின்றுகொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது.

மே 16, வெள்ளி

மேலதிகாரிக்கு மெயில். நாலு முறை அழித்து எழுதினேன். கடைசியில் இரண்டே வரி: உடலை நான் நேரில் பார்க்கவில்லை. அடையாளத்தை மறுபடி சோதிக்க வேண்டும்.

வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். குழியைத் தோண்ட வேண்டும், தாசில்தார், போலீஸ், மரபணுச் சோதனை, மாதக்கணக்கு ஆகும். அவன்தான் என்று வந்தால் அவளுக்கு இரண்டாம் சாவு, அதுவும் என்னால். அவன் இல்லையென்றால் அவன் எங்கே? ஏரிக்கரையில் கிடப்பது யார் வீட்டுப் பிள்ளை?

பல் டாக்டர், மறந்தே போச்சு.

பதினொரு மணிக்கு வசந்தா போன். மெயில் அனுப்பியதைச் சொன்னேன்.

"அக்கா, மாமியா கைலருந்து தாலிய வாங்கிட்டேன். முடிவு வர்ற வரிக்கும் பொட்டு வெச்சிக்கட்டா?"

"வெச்சிக்கோ" என்றேன். வாய் தானாகச் சொன்னது.