சவுண்ட் சர்வீஸ் ஆசீர்வாதம் தலையணையோடு வெளியேறிய வரலாறு

ஜூன் 3, செவ்வாய்

வேளாங்கண்ணி மாதா சாட்சியாக, எட்டுக் கூம்பு ஸ்பீக்கருக்கும் எண்ணற்ற பாக்ஸுக்கும் ஏகபோக அதிபதியான ஆசீர்வாதம் ஆகிய நான் இன்று முதல் எழுதப்போகும் சரித்திரத்தை ஒருவனும் நம்பமாட்டான். நம்பவேண்டாம். எழுதுவது எனக்காக.

சரித்திரம் இதுதான். வலங்கைமான் வட்டாரத்தில் காதுகுத்து முதல் கருமாதி வரை ஊரைத் தூங்கவிடாமல் அடிக்கிற எனக்கு, படுத்தால் தூக்கம் வரவில்லை. விளக்கை அணைத்ததும் என் காது வளர்கிறது. யானைக் காது என்று எழுதினால் யானை சிரிக்கும். பந்தல் துணி அளவு. நேற்று இன்வெர்ட்டர் இழவு வீட்டுக் கிழவி போல ஒப்பாரி வைத்தது. சுவர்க்கடிகாரம் உளியெடுத்து என் மண்டையில் கல்வெட்டு பொறித்தது. தலையணை உறையின் தையல் கன்னத்தில் வாய்க்கால் வெட்டியது. தண்ணீர் விட்டிருந்தால் குறுவையே நட்டிருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

தூங்கவில்லை. படுத்ததும் ஒரு நினைப்பு வந்தது: கோவில்பத்து கல்யாணத்தில் ஒரு மைக் விட்டுப்போனதோ? அந்த நினைப்பு தன் தம்பியை அழைத்து வந்தது, தம்பி சம்சாரத்தை, சம்சாரம் மொத்தக் கிராமத்தையும். விடியும்போது என் தலைக்குள் ரேஷன் கடையே திறந்துவிட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால் ஒரே வைத்தியர் கூட்டம். கசகசாப் பால் என்றார் ஒருவர். ஒரு குவார்ட்டர் பிராந்தி என்றார் இன்னொருவர், அதுவும் கோயில் வாசலில். ‘எதையும் நெனைக்காமப் படுங்க’ என்று ஒருவர். ஆகா! இது தெரியாமல் போயிற்றே எனக்கு.

டீக்கடை அஹமது கபீர் பாய்தான் உச்சம். “ஸ்பீக்கர்காரருக்குச் சத்தம் ஆவலயாம்! மீன்காரன் மீன் நாத்தம் ஆவலன்னானாம்!” கடையே சிரித்தது.

“பாய், மீன்காரன் மீனை மடியில கட்டிக்கிட்டா படுக்குறான்?” என்றேன். இப்போது எனக்காகச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். வேலையில் சத்தம் என் திருகில் இருக்கிறது; நான் ஏற்றினால் ஏறும், இறக்கினால் இறங்கும். படுக்கையில் அது என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இந்த வித்தியாசத்தைப் பாயிடம் சொன்னேனா? இல்லை. ஜோக்குதான் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

புரட்சி! நேற்று ராத்திரி சாப்பிட்ட கையோடு தலையணையை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் என் ஸ்பீக்கர் குடோனுக்குப் போய்விட்டேன். அருள்செல்வி, என் மனைவி, வாசல் வரை வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் சென்னையில் வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

குடோனில் கடிகாரம் இல்லை. நாலு பக்கமும் பாக்ஸ்களுக்குப் போர்த்திய கம்பளிகள் சத்தத்தைக் குடித்துவிடுகின்றன. டேபிள் ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன். ஒரே சீரான இரைச்சல். பனியனைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டேன், தையல் உறுத்தவில்லை.

நினைப்புகளுக்கு என் தொழிலே கைகொடுத்தது. எந்த நினைப்பு வந்தாலும் அதை ஒரு கேபிள் என்று வைத்துக்கொண்டு, முறுக்கு விழாமல் வளையம் வளையமாகச் சுற்றுவது. வேளாங்கண்ணி வரை கிடந்த கேபிளைச் சுற்ற ஆரம்பித்தேன். குடவாசல் தாண்டுவதற்குள் கண் சொருகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

தூங்கினேன். சேவல் கூவிக் கூவித் தொண்டை கட்டி, காலையில் என்னிடம் இருமல் மருந்து கேட்டது.

ஜூன் 14, சனி

தலையணையோடு தெருவில் நடக்கும் புருஷனுக்கு ஊர் ஒரே அர்த்தம்தான் வைத்திருக்கிறது போலும். பக்கத்து வீட்டு ஷீபா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “அக்கா, அண்ணன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாராமே?” என்று செல்வியிடம் கேட்டிருக்கிறாள்.

செல்வி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “எம்பக்கத்துல படுக்க அப்படி என்னங்க அருவருப்பு?”

“ஒம்பக்கத்துல இல்ல செல்வி, கடிகாரத்துப் பக்கத்துல. அது என்னைக் கொல்ல ஆள் வச்சிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருக்கீங்க.” எழுந்து போய்விட்டாள். கண்ணைத் துடைத்தாளா?

எனக்கு உண்மை பேசத் தெரியாதா — அல்லது நான் பேசினால் உண்மைக்கே வேஷம் கட்டின மாதிரி ஆகிவிடுகிறதா? இன்று குடோனிலும் தூக்கம் இல்லை. கேபிள் முழுக்கச் சிக்கு.

ஜூன் 20, வெள்ளி

செல்வியின் அண்ணன் இராஜாங்கம் ஞாயிறு அன்று சீர்காழியிலிருந்து வருகிறாராம். விஷயம் அங்கேயும் போய்விட்டது. என் ஸ்பீக்கர்கூட அவ்வளவு தூரம் எட்டாது.

வரட்டும். மன்னிப்புக் கேட்கமாட்டேன். கொலையா செய்தேன்? தூங்கினேன்.

ஜூன் 22, ஞாயிறு

மச்சான் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு தட்டுப் பழம், முகத்தில் பஞ்சாயத்து.

“மாப்ள, குறுவை நாத்து விட்ட வேலைய போட்டுட்டு வந்திருக்கேன். எந்தங்கச்சி என்ன தப்பு பண்ணுனா?”

“ஒரு தப்பும் இல்ல மச்சான். எனக்குத் தூக்கம் வரல.”

“எனக்குந்தான் வரல. நான் என்ன மாட்டுக் கொட்டாயிலயா போய்ப் படுக்குறேன்?”

“படுத்துப் பாருங்க. மாட்டுக்கு ஆட்சேபனை இல்லன்னா சரி.”

அவர் சிரிக்கவில்லை. “இன்னைக்கி ராத்திரி நீங்க அந்த ரூம்ல படுக்கணும். இல்லன்னா செல்விய அழைச்சிக்கிட்டுப் போறேன்.”

வாழ்க்கையில் முதல்முறையாக அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டுப் பேசினேன். “மச்சான், இது அளப்பு இல்ல. படுத்தா எனக்கு எல்லாச் சத்தமும் பெருசாக் கேக்குது. துணி உறுத்துது. நெனப்பு நிக்க மாட்டேங்குது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். இதுக்கு நான் வெக்கப்பட மாட்டேன். ரூமுக்கும் திரும்ப மாட்டேன், செல்வியையும் விட மாட்டேன்.”

“ஒங்க வாயில வர்றதுல எத நம்புறது மாப்ள? கொடமுருட்டி ஆத்துல திமிங்கலம் பாத்தேன்னீங்களே?”

குட்டித் திமிங்கலம் என்று திருத்த வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

“நான் நம்புறேன்ணே.” அடுப்படி வாசலில் கரண்டியோடு செல்வி. “கல்யாணம் ஆன புதுசுலயே கண்டுபுடிச்சிட்டேன். நான் பொரண்டா இவரு முழிச்சிக்குவாரு. அன்னையிலேருந்து பொரளறதே இல்ல. கை மரத்துப்போனாலும் அப்படியே கெடப்பேன்.”

நான் அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அப்பறம் ஏம்மா அழுத?” என்றார் மச்சான்.

“ஊரு பேசுனுச்சு, அழுதேன். இவரு இப்ப சொன்ன மாதிரி நேராச் சொல்லியிருந்தா நான் ஏன் அழப்போறேன்? இப்பக் கட்டில் முழுக்க எனக்கு. குறுக்கால படுக்குறேன், காலைத் தூக்கிச் செவுத்துல போடுறேன். இவரத் திரும்பி வரச் சொன்னா நான்தான் குடோனுக்குப் போவணும்.”

மச்சான் பழத்தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “அப்ப நான் எதுக்குப் பழம் வாங்கிக்கிட்டு வந்தேன்?”

“சாப்புடத்தான்” என்று செல்வி கத்தியை எடுத்து வந்தாள்.

அடுத்த வீட்டு ஃபிரிட்ஜ் முனகுவது வரை கேட்ட காது இது. பக்கத்தில் ஒருத்தி அசையாமல் படுத்திருந்தது மட்டும் அதற்குக் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் செல்வியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கொட்டாவி விடும்வரை ஊர்க்கதை பேசுகிறோம். பிறகு அவளே தலையணையை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். நான் தெரு ஓரமாகப் போவதில்லை, நட்டநடுவில், தேர்போல. “அண்ணே, பாத்துப் போங்க” என்கிறார் கபீர் பாய். கையசைத்துக்கொண்டு போகிறேன்.

தூக்கம் வராத இரவுகள் இன்னும் உண்டு. அன்றைக்குக் கேபிள் வேளாங்கண்ணி போய்த் திரும்பி வரும். வரட்டும், எனக்கென்ன.

ஷீபா இன்று சுவருக்கு மேலே கேட்டாள்: “அக்கா, குடோன்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா? எங்க வீட்டுக்காரரு கொறட்டை...” குறட்டைக்கு அனுமதி இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். இன்வெர்ட்டரின் ஒப்பாரி, சேவலின் இருமல், திமிங்கலம், எல்லாம் என் கைச்சரக்கு. காது நிஜம், அளவு அளப்பு. ஒரு பெண் இருபத்தாறு வருஷம் புரளாமல் படுத்திருந்தாள் என்பதைத்தான் படிக்கிற எவனும் பொய் என்று சிரித்துத் தள்ளுவான். அந்த ஒன்றில் மட்டும் நான் எதையும் சேர்க்கவில்லை.